முதுகில் ஏழு ஊக்குகள்

பிப்ரவரி 6

அன்புள்ள சுண்டு,

வந்து சேர்ந்துவிட்டேன். படகில் இரண்டு தடவை வாந்தி, மற்றபடி உடம்பு ஒழுங்காக இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்காலையும் அப்பாவின் இருமலையும் தனித்தனியாக விசாரித்தேன் என்று சொல்லிவிடு. சேர்த்து விசாரித்தால் அப்பாவுக்குப் பிடிக்காது.

இந்தத் தீவில் டெலிபோன் ஒன்றே ஒன்று. அது தயாரிப்பு மேனேஜர் மேஜைமேல் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறது, யாரும் தொடக் கூடாது. வாரத்துக்கு ஒரு படகு. தபாலும் காய்கறியும் அதில்தான் வரும். ஆகவே படம் முடியும்வரை நீயும் நானும் காகிதத்தில்தான் பேச வேண்டும்.

எடுப்பது சரித்திரப் படம். வெள்ளைக்காரர் காலத்தில் கடலுக்கு அப்பால் ஒரு குடியேற்றம். அங்கே வேலைக்குப் போன ஆண்களுக்குக் கம்பெனியே பெண் நிச்சயம் செய்து கப்பலில் அனுப்புகிறது. பெண்ணின் கையில் மாப்பிள்ளையின் போட்டோ ஒன்று, அவ்வளவுதான். துறைமுகத்தில் ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். அவள் இறங்கி வந்து அந்த முகத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். அவளுக்கு உடை தைத்து உடுத்திவிடுவது என் வேலை.

அந்தக் குடியேற்றத்தின் தெரு முழுவதையும் இங்கே மரத்தில் கட்டியிருக்கிறார்கள். ரொட்டிக்கடை, தபால் ஆபீஸ், துரையின் பங்களா, எல்லாம் இருக்கிறது. காலையில் பனிமூட்டத்தில் அந்தத் தெருவில் நடந்தால் நான் எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்றே தெரிவதில்லை. நேற்று தபால் ஆபீஸ் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தேன். உள்ளே கடல் இருந்தது. முன்பக்கச் சுவர் மட்டும்தான் கட்டுவார்களாம்.

இன்னொரு வேடிக்கை. கல்யாணக் காட்சியை முதலில் எடுக்கிறார்கள். அப்புறம் அவள் கிழவி ஆகிறாள். மாப்பிள்ளையை முதல் முதலாகப் பார்ப்பது ஜூலையில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தெருவைக் கட்டின செட் மேஸ்திரிக்கு ஒரு தம்பி. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டுகிறான். வயது முப்பத்தொன்று, கெட்ட பழக்கம் கிடையாது. போட்டோ வைத்திருக்கிறேன், பார். நான் புருஷன் வீட்டை விட்டு வந்த பிறகு நம் வீட்டுப் படியில் ஒருவரும் உனக்காக ஏறவில்லை. அது எனக்கு எப்படி உறுத்துகிறது என்று உனக்குத் தெரியும். முகம் பிடித்திருக்கிறதா என்று மட்டும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு. மெழுகுப் புகையில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்காராதே.

உன் அக்கா

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அம்மாவின் முழங்கால் படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது. அப்பாவின் இருமல் அப்பாவுக்குப் பிடிக்காதவர்கள் வரும்போது அதிகமாகிறது.

கதவைத் திறந்தால் கடல் இருந்தது என்று எழுதினாயே, அதை மூன்று தடவை படித்தேன். வேலை நடுவில் அது நினைவு வருகிறது. இப்போது எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு நொடி தயங்குகிறேன்.

இங்கே தலைக்கு மேல் வேலை. இந்த வாரம் மட்டும் ஐந்து முழுப் பல்செட். டாக்டரம்மா வாய் அளவெடுத்து அனுப்புகிறார், நான் சுண்ணாம்பு மாவில் அச்சு வார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, திரும்ப அனுப்புகிறேன். ஒரு பெரியவர் போன மாதம் வாங்கின செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். லொடலொடவென்று ஆடுகிறதாம், நான் அளவைக் கோட்டைவிட்டுவிட்டேனாம். வாங்கிப் பார்த்தேன். என் அளவு சரியாகத்தான் இருந்தது. அவர்தான் இளைத்திருந்தார். உடம்பு இளைத்தால் ஈறும் இளைக்கும், செட் ஆடும். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டேன். மனைவிக்கு என்று சொல்லி அழுதுவிட்டார். அடியில் ஒரு பூச்சுக் கொடுத்து இறுக்கி அனுப்பினேன்.

போட்டோ பார்த்தேன். மேல்வரிசையில் இடது பக்கம் மூன்றாவது பல் கட்டினது. நிறம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது. யார் செய்தார்களோ, நல்ல கை.

கடலில் ஜாக்கிரதை. வெயிலில் நிற்காதே.

சுண்டு

மார்ச் 9

என் பல்லுக்காரிக்கு,

கண் எரிச்சல் கொஞ்சம், இடுப்பு கெஞ்சுகிறது, அதைத் தவிர நலம். நீ சௌக்கியம் என்று படித்ததில் எனக்குப் பாதி வலி போய்விட்டது.

மாப்பிள்ளை போட்டோ அனுப்பினால் பல்லைப் பார்க்கிறவள் உலகத்தில் நீ ஒருத்திதான். மேஸ்திரியிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்.

இங்கே நான் செய்த கூத்தைக் கேள். கதாநாயகியின் கல்யாண மேல்சட்டையை நானே வெட்டினேன். கழுத்து வரை மூடின சட்டை, முன்னால் இருபது பட்டன், தந்த நிறம். இரண்டு நாள் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போட்டுப் பார்த்தால் பட்டன் மூடவே இல்லை. தோள் பிடிக்கிறது, கை முழங்கைக்குப் பாதியில் நிற்கிறது. அளவு நோட்டைப் பார்த்தேன், அதில் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. அப்புறம் சட்டையை அளந்தேன். மார்பு முப்பத்துநாலு, தோள் பதினாலரை. சுண்டு, அது உன் அளவு! நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உன் அளவில் வெட்டியிருக்கிறேன். கல்யாணச் சட்டை என்று நினைத்ததுமே கை தன்பாட்டுக்கு உன்னிடம் போய்விட்டது.

டைரக்டர் என்னை வறுத்தெடுத்துவிட்டார். வேறு ஒன்று அவசரமாகத் தைத்தேன். அது நேர்மாறாகத் தொளதொள. அதற்கென்ன, எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் இருக்கிறது. முதுகுப் பக்கம் கறுப்பு ஊக்குகளாகக் குத்திப் பிடித்துவிடுவோம். காமிராவுக்கு முன்பக்கம்தானே தெரியும். முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் பார்த்தால் முள்வேலி. அப்படியே கல்யாணம் முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

உன் அளவுச் சட்டையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பெட்டியில் இருக்கிறது.

முகம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். பல்லைப் பற்றி எழுதினாய்.

அக்கா

மார்ச் 25

அக்காவுக்கு,

நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் கண்ணைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவு.

மேஸ்திரியின் கடிதம் வந்தது. அப்பா அதைச் சத்தமாகப் படித்தார், இருமலே வரவில்லை. அம்மா அடுப்பை அணைக்க மறந்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். கடைசியில் அம்மா என் முகத்தைப் பார்த்து, "உங்க அக்கா மனசு இப்பத்தான் ஆறும்" என்று சொன்னாள். நான் சரி என்றேன். செப்டம்பர் முதல் வாரம் என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

மேஸ்திரியின் தம்பியும் ஒரு கடிதம் எழுதியிருந்தார். மரியாதையான கையெழுத்து. அங்கே வேலைக்குப் போகவேண்டிய அவசியம் இருக்காது, நிம்மதியாக வீட்டில் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். நல்ல மாதிரி என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு பாட்டு வாத்தியாருக்குப் பல் நட்டேன். முன்பல் இரண்டுக்கும் நடுவில் அவருக்குப் பழைய இடைவெளி ஒன்று உண்டாம், அதை அப்படியே விடச் சொன்னார். இல்லாவிட்டால் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்குமாம்.

உன் சட்டை செய்தியைப் படித்துச் சிரித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

சுண்டு

ஏப்ரல் 14

என் தங்கமே,

நீ சரி என்று சொன்னதைப் படகுத்துறையில் நின்றுகொண்டே படித்தேன். காய்கறி மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாரும் பார்க்க அழுதேன். உடம்பு, கண், இடுப்பு எல்லாம் அன்றைக்கே சரியாகிவிட்டது. இனி யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, எல்லாரும் நலமாகத்தான் இருப்பார்கள்.

இங்கே கதாநாயகிக்கு வயதாகிவிட்டது. இருபது வருஷம் கழித்து நடக்கிற காட்சிகள். அவளுடைய துணிகளைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் முழங்கையைத் தேய்த்து, பழசாக்கிக்கொண்டிருக்கிறேன். காலையில் நான் தைத்த பாவாடை மாலையில் இருபது வருஷம் உழைத்திருக்கிறது. தெருவில் புகை மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புகைக்குள் நரைத்த தலையோடு அவள் நடந்து வரும்போது, இவள் இன்னும் கப்பலிலிருந்தே இறங்கவில்லையே என்று எனக்கு ஞாபகம் வரும். தலை சுற்றும்.

கல்யாணச் சட்டையை இந்தப் படகில் அனுப்புகிறேன். உனக்கு இனி அளவெடுக்கத் தேவையில்லை, என் கை எடுத்த அளவு. கூடவே ஓர் அட்டை கறுப்பு ஊக்கும் வைத்திருக்கிறேன், நம் வீட்டில் தேடும்போது எதுவும் கிடைக்காது. சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஒன்று எனக்கு, ஒன்று மேஸ்திரி தம்பிக்கு.

சந்தோஷத்தில் கை ஓடவில்லை. நிறுத்துகிறேன்.

அக்கா

மே 19

அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

சட்டை வந்தது. கச்சிதம். பட்டன் எல்லாம் அழகாக மூடுகிறது. டாக்டரம்மா, பல் போட்டோ எடுக்கிற காமிராவில் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பிரதி வைத்திருக்கிறேன்.

எல்லாரும் நலம்.

சுண்டு

மே 28

சுண்டு,

உன் போட்டோ வந்ததும் ஒரு பிரதியை மேஸ்திரியிடம் கொடுத்தேன். இன்னொன்றைத் தையல் மெஷினுக்கு எதிரே ஒட்டிவைத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் தங்கை, என் தங்கை என்று பெருமையடித்தேன். இரண்டு நாள் அப்படிப் போனது.

மூன்றாம் நாள் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். தோள் தையல் உன் தோளெலும்பில் நிற்கவில்லை. ஒரு கட்டைவிரல் அகலம் கீழே இறங்கியிருக்கிறது. கைநுனி விரல் மூட்டு வரை வந்திருக்கிறது. மார்பில் மட்டும் சட்டை இழுத்துக் கட்டின மாதிரி இருக்கிறது, அக்குளிலிருந்து சுருக்கமெல்லாம் முதுகைப் பார்த்து ஓடுகிறது. துணி அப்படித் தானாக ஓடாது. இந்த வேலையில் எனக்குப் பதினொரு வருஷம்.

அந்தப் பெரியவரின் பல்செட் ஆடினதும் நீ என்ன கேட்டாய்? அதையே உன்னிடம் கேட்கிறேன்.

முதுகைக் காட்டி நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அக்கா

ஜூன் 24

சுண்டு,

மூன்று படகு வந்துவிட்டது. தபால்காரருக்கு என்னைக் கண்டாலே பாவமாக இருக்கிறது, கையை விரித்துக்கொண்டேதான் இறங்குகிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உன் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். நான் சௌக்கியம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஒவ்வொன்றிலும் அதே வரி, ஒரு எழுத்து மாறவில்லை. முகம் பிடித்திருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். பதில் எங்குமே இல்லை. நீ சொல்லாமல் இல்லை. எனக்குத்தான் கேட்க மனசில்லை.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உனக்கு மாப்பிள்ளை தேடினேன் என்று ஊருக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கு ஒரு மன்னிப்பு தேடினேன். உனக்கு நல்லபடியாக முடிந்துவிட்டால், நான் வீட்டை விட்டு வந்ததால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று ஆகிவிடும் இல்லையா? அதற்காக உன்னைக் கப்பலேற்றப் பார்த்திருக்கிறேன்.

போட்டோ வேண்டாம். ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

ஜூலை 3

அக்கா,

நான் சௌக்கியமாக இல்லை.

இதை எழுதிவிட்டு அரைமணி நேரம் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். கூரை இடிந்து விழவில்லை.

நீ கேட்ட போட்டோ இதோ. ஏழு ஊக்கு. மேலிருந்து கீழாக எண்ணிப் பார். நீ அனுப்பின அட்டையிலிருந்துதான் எடுத்தோம். டாக்டரம்மா குத்திவிட்டார். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நேற்று பின்பக்கம் எடுக்கவேண்டும் என்று போய் நின்றபோது, "இப்பவாவது கேட்டாங்களே" என்று மட்டும் சொன்னார்.

சோறு இறங்கவில்லை அக்கா. தட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். அம்மா இதைக் கல்யாணக் களை என்கிறாள். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே போய்க் காலையில் எழுந்ததும் என்ன செய்வேன் என்று யோசிப்பேன். கதவு வரைக்கும் போவேன். நீ எழுதின அந்தத் தபால் ஆபீஸ் மாதிரியே இருக்கும். திறந்தால் தண்ணீர். என் மேஜை, என் மெழுகு, என் கையை நம்பி வாயைத் திறக்கிறவர்கள், எதுவும், யாரும் அதில் இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் மனசு ஆறும் என்று அம்மா சொன்னபிறகு எனக்கு வாய் வரவில்லை. நீ அந்த வீட்டை விட்டு வந்த நாளில் உன் முகத்தை நான் பார்த்தேன். பிழைத்து வந்த முகம். நீ எங்கள் யாருக்கும் எதையும் கெடுக்கவில்லை. இதை எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே நான் சொல்லியிருக்கவேண்டும்.

இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்பா மண்டபத்துக்குச் சொல்லிவிட்டார்.

சுண்டு

ஜூலை 16

என் சுண்டு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசும் இன்றைக்கு நன்றாக இருக்கிறது. உன் கடிதம் படகுத்துறைக் காட்சி எடுக்கிற அன்று வந்தது. படித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கதாநாயகிக்குக் கடைசியாக ஒருமுறை முதுகில் ஊக்குக் குத்தினேன். புகை மெஷினைத் திறந்துவிட்டார்கள். படகுத்துறை, கப்பல், கடல் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துபோயிற்று. எதிரே நாற்பது ஆண்கள் வரிசையில். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெண்ணின் போட்டோ. டைரக்டர் இறங்கச் சொன்னார். அவள் இரண்டு படி இறங்கினாள், நின்றாள். புகை மெல்ல விலகினபோது அவள் நின்ற இடத்திலேயே இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த நாற்பது பேரைப் பார்த்தேன். அத்தனை பேர் முகத்திலும் பயம். அப்படி நடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

டைரக்டர் வெகு நேரம் கழித்துத்தான் கட் சொன்னார். மறுபடி எடுக்கவில்லை.

நான் நேராக மேஸ்திரியிடம் போனேன். ஏணியில் நின்று ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். என் தங்கைக்கு இதில் விருப்பம் இல்லை, கேட்காமல் செய்தது என் தப்பு, உங்கள் தம்பியிடம் நான் மன்னிப்பு கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன். அவர் இறங்கி வந்து சுத்தியலைக் கீழே வைத்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"அவன்கிட்டயும் நான் கேக்கலம்மா. உன் போட்டோ ஒண்ணு அனுப்பு, சரின்னு சொல்லுடான்னேன். சொன்னான். அதுக்கப்புறம் எனக்கு ரெண்டு வரிக்கு மேல அவன் எழுதறதே இல்ல."

தம்பிக்கு இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த உன் போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் அந்த மரத் தெருவிலேயே உட்கார்ந்தோம். அவருடைய ஆட்கள் எங்களைச் சுற்றித் தெருவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடை போனதும் பின்னால் கடல் தெரிந்தது. தபால் ஆபீஸ் கதவு மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றது.

அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கோபமெல்லாம் என் பேருக்கு வரட்டும், பழகின முதுகு, தாங்கும். அம்மா அழுவாள். அழட்டும், நீ பக்கத்தில் உட்கார், ஆனால் மனசை மாற்றிக்கொள்ளாதே.

சட்டையை எனக்கு அனுப்பிவை. இரண்டு பக்கமும் பிரித்து, உன் இப்போதைய அளவுக்குப் பிடித்துத் தருகிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

இந்தத் தடவை உடம்பைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

அம்மா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "இனிமே எதுக்கு இளைக்கணும், சாப்பிடு" என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பா உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது, துவைக்கும்போது பார்த்தேன். மண்டபத்துக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நீ எப்போது வருகிறாய் என்று இரண்டு தடவை கேட்டார், நடுவில் இருமினார்.

மேஸ்திரியின் தம்பிக்கு நானே மன்னிப்பு கேட்டு எழுதினேன். இடது பக்கம் மூன்றாவது பல் கட்டினதுதானே என்றும் கேட்டேன், மனசு கேட்கவில்லை. பதில் வந்தது. ஆமாம், இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்தது நீங்கள் ஒருவர்தான் என்று எழுதியிருந்தார். நான்கு பக்கம் எழுதியிருந்தார், அவர் அண்ணனிடம் சொல். கிரேன் மேலிருந்து பார்த்தால் காலையில் கடல் எப்படி இருக்கும் என்று ஒரு பக்கம் முழுக்க. அவருக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

பல்செட் பெரியவர் நேற்று வந்தார். மனைவி எழுந்து நடமாடுகிறாராம். செட் இப்போது இறுக்கிப் பிடிக்கிறதாம், நான் கொடுத்த பூச்சைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். சுரண்டிக்கொண்டே உன்னை நினைத்துக்கொண்டேன்.

சட்டையைப் பிரிக்காதே அக்கா. பக்கம் பிடிக்கவும் வேண்டாம். அது உன் கை எடுத்த அளவு, அப்படியே இருக்கட்டும். கல்யாணத்துக்கு இல்லாவிட்டால் என்ன, நீ வருகிற படகுக்கு எதிரே வந்து நிற்க அதைத்தான் போட்டுக்கொள்வேன்.

இன்றைக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஊக்கைக் கழற்றி இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், எண்ணிக்கொள். மூன்று இன்னும் முதுகில்தான் இருக்கிறது.

சுண்டு